ஜன்னலோரத் தொட்டிச்செடியும் விசுவாச வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் ஒரு செடியை வளர்த்தபடி வேதத்தைத் தியானிப்பதைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், சில இரண்டு மூன்று வரியில் முடியும். வசனங்கள் பழைய திருப்புதலிலிருந்து, அதாவது வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து, எடுத்தவை.

செடியைப் பார்த்து ஆவிக்குரிய பாடம் கற்பது சரியா? இயற்கையை வணங்குவதுபோல் ஆகிவிடாதா?

இந்தப் பயம் நியாயமானதுதான். படைத்தவருக்குரிய இடத்தைப் படைப்புக்குக் கொடுப்பதை ரோமர் முதலாம் அதிகாரம் கடுமையாகவே கண்டிக்கிறது. ஆனால் படைப்பைக் கவனிக்கச் சொன்னவர் இயேசுவேதான். "காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்றார் (மத்தேயு 6:28). கிரேக்க மூலத்தில் அங்கே வரும் சொல்லுக்கு, கற்றுக்கொள்ளும்படி உற்றுப்பார் என்ற அழுத்தம் உண்டு. போகிற போக்கில் பார்ப்பதற்கு அந்தச் சொல் பொருந்தாது. சாலொமோனின் ஞானத்தைச் சொல்லும்போதும், லீபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கிற ஈசோப்பு வரை அவன் பேசினான் என்று வேதம் எடுத்துச் சொல்கிறது (1 இராஜாக்கள் 4:33).

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஏதேனைப் "பண்படுத்தவும் காக்கவும்" தேவன் மனுஷனை வைத்தார் என்று ஆதியாகமம் 2:15 சொல்கிறது. லேவியர் ஆசரிப்புக் கூடாரத்தில் செய்த பணியைச் சொல்லும் எண்ணாகமம் 3:7-8-லும் எபிரெயுவில் அதே இரண்டு வினைச்சொற்கள்தான் வருகின்றன. தோட்டத்தைப் பேணுவதற்கும் பரிசுத்த ஸ்தலத்தைப் பேணுவதற்கும் ஒரே சொற்கள். இதை அறிந்த நாள்முதல் ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சின்ன வேலையாக என்னால் நினைக்க முடியவில்லை.

ஒரு எல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செடியிடம் கண்ட எதையும் வேதத்தோடு ஒத்துப்பாருங்கள். வேதம் சொல்லாத ஒன்றைச் செடி சொல்வதுபோல் தோன்றினால், விட்டுவிடுங்கள்.

எந்தச் செடியில் தொடங்கலாம்?

மணி பிளான்ட் எளிது. கணுவோடு ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு ஸ்நேக் பிளான்ட் நல்லது, அது வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தாங்கும். தாகத்தை உடனே காட்டுகிற செடி வேண்டுமென்றால் பீஸ் லில்லி. எதுவானாலும் தொட்டியின் அடியில் துளை இருக்கவேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகளோ பூனை, நாயோ இருந்தால் இந்த மூன்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்தால் வாயோ வயிறோ பாதிக்கும்.

இலை வாடியதும் தண்ணீர் ஊற்றுகிறேன். இன்னும் வாடுகிறது. இதில் கற்க என்ன இருக்கிறது?

என் கதையையே சொல்கிறேன். நான் கற்றதில் மிக முக்கியமானது இதுதான்.

முதலில் செடியின் பக்கம். மண் துகள்களுக்கு இடையில் சிறுசிறு காற்று அறைகள் உண்டு. வேர் அங்கிருந்துதான் ஆக்ஸிஜன் எடுக்கிறது. ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் அந்த அறைகள் நிரம்பி, வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே தண்ணீருக்கு நடுவில் நின்றபடி செடி தாகத்தால் வாடுகிறது. காய்ந்து வாடினாலும் அழுகி வாடினாலும் இலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொங்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கவேண்டும்.

என் தங்கை சபைக்கு வருவதை நிறுத்தியிருந்த காலம் அது. தினமும் காலையில் அவளுக்கு ஒரு வசனம் அனுப்புவேன். மாலையில் ஒரு பிரசங்கத்தின் ஒலிப்பதிவு. நடுவில் ஒரு போன். அவள் பதில் குறையக் குறைய நான் அனுப்புவது கூடிக்கொண்டே போனது. அதே மாதங்களில்தான் என் பீஸ் லில்லி தொங்கத் தொடங்கியது. அதற்கும் ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்து எடுத்தபோது வேரெல்லாம் பழுப்பாகிக் குழைந்திருந்தது. விரல் பட்டதும் தோல் கழன்றது. கெட்ட நாற்றம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது தங்கை கடைசியாக அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. "அக்கா, கொஞ்ச நாள் என்னை விடேன்."

அத்தனை மாதத்தில் நான் அவளிடம் "உனக்கு என்ன ஆச்சு?" என்று ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

குருடனாகிய பர்திமேயு ஆண்டவரைக் கூப்பிட்டபோது அவனுக்கு என்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார் (மாற்கு 10:51). அவர் கேட்டார், நான் கேட்கவில்லை. அன்று இரவு அந்த வசனத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

வசனம் அனுப்புவதை நிறுத்தினேன். ஒரு நாள் நேரில் போய் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பல விஷயங்கள் எனக்குப் புதிது, சிலவற்றில் என் பங்கும் இருந்தது. அவள் சபைக்குத் திரும்பிவிட்டாளா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. ஆனால் இப்போது அவளே போன் செய்கிறாள். அவளுக்காக ஜெபிப்பதை நான் விடவில்லை. அந்த ஜெபத்தை அவள் காதில் விழவைப்பதைத்தான் விட்டேன்.

செடிக்கு என்ன செய்வது என்றால், அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, நீர் வடியும் புதுக் கலவையில் நடுங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். வெள்ளையாகக் கெட்டியான வேர் சிலது மிஞ்சியிருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

வாரக்கணக்கில் எந்த வளர்ச்சியும் இல்லை. என் ஆவிக்குரிய வாழ்க்கையும் இப்படித்தான் இருக்கிறது.

மணி பிளான்ட் துண்டைக் கண்ணாடிக் குடுவையில் வைத்துப் பாருங்கள். பல நாட்கள் மேலே ஒன்றும் நடக்காது. ஆனால் கணுவில் ஒரு சிறு புடைப்பு வெளுத்துத் திரண்டு, ஒரு காலையில் வேராக நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் வைத்திருந்தால் இதை நீங்கள் பார்த்தே இருக்கமாட்டீர்கள்.

மாற்கு 4:26-29-ல் ஆண்டவர் சொன்ன உவமையில் விதைத்தவன் இரவில் தூங்குகிறான், பகலில் விழிக்கிறான். "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைக்கிறது. நிலம் பலனைத் "தானாய்" கொடுக்கிறது. அவன் தூங்குவதை உவமை குறையாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பவுலும், "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்கிறார் (1 கொரிந்தியர் 3:6).

வளர்கிறேனா என்று நாள்தோறும் தன்னையே தோண்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. நானும் பல வருடம் அப்படி இருந்தேன். வேர் பிடிக்கிற துண்டை அடிக்கடி பிடுங்கிப் பார்த்தால் இளவேர் அறுந்துபோகும். ஜெபத்தில் ஒன்றும் தோன்றாத நாட்களிலும் உட்காருங்கள். வசனம் வறண்டதுபோல் இருந்தாலும் படியுங்கள். மீதியை அளந்து பார்க்க வேண்டாம்.

செடி ஜன்னல் பக்கமே சாய்கிறது. ஏன்?

தண்டில் ஆக்ஸின் என்ற வளர்ச்சிப் பொருள் உண்டு. ஒரு பக்கமிருந்து ஒளி வந்தால் அது ஒளிபடாத பக்கத்தில் அதிகமாகச் சேர்கிறது. அந்த நிழல் பக்கத்துச் செல்கள் அதிகம் நீளுவதால் தண்டு ஒளியை நோக்கி வளைகிறது. அதாவது செடியை வெளிச்சத்துக்குத் திருப்புவது அதன் இருண்ட பக்கம்தான்.

இதை முதலில் அறிந்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இருள் நல்லது என்று சொல்ல வரவில்லை. என் வாழ்க்கையில் நான் தேவனிடம் திரும்பிய வேளைகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் வெளிச்சம் படாத பக்கத்திலிருந்துதான் அந்தத் திருப்பம் தொடங்கியிருக்கிறது. அவ்வளவுதான் சொல்லமுடியும்.

இதே விஷயத்தில் இன்னொன்று. போதிய ஒளி கிடைக்காத செடி சில சமயம் வேகமாக நீளும். தண்டு மெலிந்து வெளிறி, கணுவுக்குக் கணு தூரம் கூடி, இலை சிறுத்துப்போகும். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாக வளர்வதுபோலத் தெரியும். சபையில் எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு ஓடிய ஒரு காலம் எனக்கு இருந்தது. தனியாக ஆண்டவருடைய சமுகத்தில் உட்கார்ந்த நேரம் மட்டும் இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு சின்ன விமரிசனம் வந்தபோது உடைந்துபோனேன். அந்தத் தண்டும் அப்படித்தான், கை பட்டாலே மடங்கிவிடும். செடியை ஜன்னலுக்கு அருகில் நகர்த்துங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்புங்கள்.

நன்றாக வளரும் செடியை ஏன் கத்தரிக்கவேண்டும்? யோவான் 15 இதைத்தான் சொல்கிறதா?

நுனிக்குருத்து இருக்கும்வரை அது பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனியைக் கிள்ளினால் தூங்கிக்கிடந்த பக்க மொட்டுகள் விழிக்கும், செடி அடர்ந்து வரும். "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்" என்கிறது யோவான் 15:2. அடுத்த வசனம், "நான் உங்களுக்குச் சொன்ன உபதேசத்தினாலே நீங்கள் இப்பொழுதே சுத்தமாயிருக்கிறீர்கள்". கிரேக்கத்திலும் இந்த இரண்டு இடத்திலும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள்தான். நம்முடைய மொழிபெயர்ப்பு அந்த உறவை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. ஆக அந்தப் பகுதியில் கத்தரிக்கோல் என்பது முதலில் ஆண்டவருடைய வார்த்தைதான்.

அதனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளையை இழந்தவரிடமோ வேலை போனவரிடமோ போய், "தேவன் உங்களைக் கத்தரிக்கிறார்" என்று சொல்லாதீர்கள். எந்த வலி எதற்காக என்று நமக்குச் சொல்லப்படவில்லை. கத்தரிப்பவர் பிதா. நம் கையில் கத்தரிக்கோல் கொடுக்கப்படவில்லை.

வெட்டிய மணி பிளான்ட் துண்டு தனியாகவே வளர்கிறதே! கொடி செடியில் நிலைத்திராவிட்டால் ஒன்றுமில்லை என்று அதே யோவான் 15-ல் வரும் வசனம் பொய்த்துவிடாதா?

நல்ல கேள்வி, ஒரு வாலிபர் என்னிடம் கேட்டது. திராட்சையையும் துண்டு நட்டுத்தான் பெருக்குகிறார்கள், ஆகவே கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

துண்டு உயிரோடிருப்பது எப்படி என்று பாருங்கள். அது தனக்கென்று வேர் விட்டு, இன்னொரு செடியாகவே மாறிவிடுகிறது. கொடியாக, அதாவது செடியின் கிளையாக, இருப்பதை நிறுத்திவிடுகிறது. ஆண்டவர் பேசுவது கொடியாகவே இருக்கும் ஒன்றைப் பற்றி. தனக்கென்று ஒரு வேர் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏதேனிலிருந்தே நமக்கு இருக்கும் ஆசை. "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது" என்று அவர் சொன்னது அந்த ஆசையைத்தான் தொடுகிறது. தவிர, உவமை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலைக்கு மேல் அதை இழுத்தால் கிழிந்துபோகும். கொடி உவமை துண்டு நடுவதைப் பற்றிப் பேச வரவில்லை.

மாவுப்பூச்சி வந்துவிட்டது.

இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். பார்க்க எளிதான இடத்தில் அது இருப்பதில்லை. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், சில நாள் கழித்து மறுபடியும் துடையுங்கள், ஒரு தடவையில் போகாது. மற்றச் செடிகளிலிருந்து தள்ளிவையுங்கள். "குழிநரிகளையும் சிறுநரிகளையும்" பிடிக்கச் சொல்லும் உன்னதப்பாட்டு 2:15 இங்கே நினைவுக்கு வரும். சிறியதாக இருக்கும்போதே பிடிப்பது நல்லது.

செடி செழித்தால் தேவன் என்மேல் பிரியமாயிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஜெபித்தால் நன்றாக வளருமா?

வேண்டாம். கிதியோன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டுத் தேவனிடம் அடையாளம் கேட்டதுபோலச் செடியை வைத்துத் தேவனைச் சோதிக்காதீர்கள். செடி காய்ந்தால் ஒளி, நீர், மண், பூச்சி என்ற வரிசையில் காரணம் தேடுங்கள். செடியின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பது வேறு விஷயம், அதை மனதாரச் செய்யுங்கள். என்னுடைய ஜெபக்குறிப்பில் இருக்கும் பெயர்களைத் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொன்றாகச் சொல்லுவேன்.

பிள்ளைகளோடு இதை எப்படிச் செய்வது?

செடியை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். பாடத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். "இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி, சுருண்டிருந்த புது இலையைப் பார்த்து, "இது உள்ளேயே முழுசா இருந்திருக்கு" என்றாள். நான் தயாரித்துப் போயிருந்த பாடத்தை அன்று எடுக்கவில்லை.

என் செடி செத்துவிட்டது. ஒரு செடிக்காக அழுவது தவறா?

யோனாவின் கதை இந்தக் கேள்வியோடுதான் முடிகிறது. ஆமணக்குச் செடி நிழல் கொடுத்தபோது அவன் மிகவும் சந்தோஷப்பட்டான். அது பட்டுப்போனபோது சாகவேண்டும் என்றான். தேவன் அவனிடம், நீ பிரயாசப்படாததும் நீ வளர்க்காததுமான ஆமணக்குக்காகப் பரிதபிக்கிறாயே என்றார். அப்புறம், நினிவேயில் இருக்கும் 1,20,000-க்கும் மேற்பட்ட மனுஷருக்காகவும் அநேக மிருகஜீவன்களுக்காகவும் நான் பரிதபிக்கவேண்டாமா என்று கேட்டார். அந்தப் பரிதாபம் போதாது, இன்னும் விரியட்டும் என்று சொல்வதாகவே நான் அதைப் படிக்கிறேன். நீங்கள் பிரயாசப்பட்டு வளர்த்த செடிக்காக அழுதால் வெட்கப்படவேண்டாம்.

ஆனால் செத்துவிட்டது என்று சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள். நகத்தால் தண்டை இலேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா பாருங்கள். "தண்ணீரின் வாசனையினால் அது துளிர்த்து" என்று யோபு 14:9 மரத்தைப் பற்றிச் சொல்கிறது. மனுஷனுக்கு அந்த நம்பிக்கை இல்லையே என்பதுதான் அங்கே யோபுவின் புலம்பல். இயேசு உயிர்த்தெழுந்த காலையில் மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள் என்று யோவான் 20:15-ல் படிக்கும்போதெல்லாம், யோபுவுக்கு யாரோ பதில் சொல்லிவிட்டதுபோல் எனக்கு இருக்கும்.

கனிகொடாத அத்திமரத்தை வெட்டச் சொன்ன எஜமானிடம் தோட்டக்காரன், "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று கேட்டதையும் (லூக்கா 13:8) நினைத்துக்கொள்ளுங்கள். அவன் சும்மா காத்திருப்பதாகச் சொல்லவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகச் சொன்னான்.

நோயில் படுத்திருக்கிறேன். எந்த ஊழியமும் செய்ய முடியவில்லை. ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் என்ன பயன்?

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ், தம்முடைய 18 வயதில், குளிர்காலத்தில் இலையின்றி நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். சில காலத்தில் அது மறுபடி தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் என்ற நினைவே தேவனுடைய வல்லமையை அவர் மனதில் பதித்துவிட்டது. பின்னாளில் அவர் பாரிஸில் ஒரு மடத்தின் சமையலறையில் பல வருடம் வேலை செய்து, பாத்திரங்களுக்கு நடுவிலும் தேவ சமுகத்தில் நிற்கலாம் என்று வாழ்ந்து காட்டினார். அவர் அன்று கண்டது ஒரு மொட்டை மரம்.

பல செடிகள் ஒளி குறைந்த மாதங்களில் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். அப்போது உரம் போட்டால் அது பயன்படாமல் மண்ணில் உப்பாகச் சேர்ந்து வேரைச் சுடும். அந்த மாதங்களில் செடியிடம் யாரும் புது இலை கேட்பதில்லை. உங்களிடமும் கேட்கப்படவில்லை என்று நம்புகிறேன். படுக்கையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொட்டியை வைக்கச் சொல்லுங்கள்.

தினமும் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

காலையில் செடிக்கு எதிரில் உட்காருவேன். முதலில் விரலை மண்ணில் வைத்துப் பார்ப்பேன். இலையின் அடியைத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு பகுதி மட்டும் வாசிப்பேன், பெரும்பாலும் சங்கீதம். மண் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் வடியும்வரை நிதானமாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவேன். ஈரமாக இருந்தால் அன்று தண்ணீர் கிடையாது. அந்த நாட்களிலும் தங்கையின் பெயரைச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.